குறை கூறும் நாவும் குமுறும் நெஞ்சும்

வண்ணார்பேட்டைக்கும் நெல்லைச் சந்திப்புக்கும் இடையே தாமிரபரணியின் மேல் நிற்கிறது சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைத் தந்து எழுப்பிய அப்பாலம், 1843-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஓடத்துக்காகக் கரையில் காத்துக் கிடந்த மக்கள், அன்று முதல் கால் நனையாமல் ஆற்றைக் கடந்தனர்.

ஒரு மாலை அப்பாலத்தின் மேல் நம்முடன் நடந்து வந்த நண்பர் கேட்டார்: "கும்பெனியார் காலத்துச் சிரஸ்தாருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்ததாம்? எல்லாம் பெயருக்காகச் செய்ததுதானே!" நாமும் சிரித்தோம்.

கேள்வி தவறா? தவறன்று! செல்வர் நீட்டும் கொடைக்கெல்லாம் கைதட்டுவது அறிவுடைமை ஆகாது. அலுவலரின் செல்வம் வந்த வழியைக் கேட்பதும் குற்றமாகாது. ஆனால், விடை வேண்டுபவன் பழைய ஆவணங்களைப் புரட்டுவான். நண்பர் எதையும் புரட்டவில்லை. கேள்வியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒருவன் கொடுத்தான், தாம் கொடுக்கவில்லை என்ற உறுத்தலுக்கு அது மருந்தாயிற்று. அந்தப் பாலத்தின் மேலேயே நடந்துகொண்டு அதைச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

வள்ளுவர் 17-ஆம் அதிகாரமாக அழுக்காறாமையை வைத்தார்; 19-ஆம் அதிகாரமாகப் புறங்கூறாமையை வைத்தார். இடையில் இருப்பது, பிறர் பொருளை விரும்பாதிருக்கச் சொல்லும் வெஃகாமை. இந்த வரிசை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மாற்றான் பெற்ற சிறப்பு கண்ணை உறுத்துகிறது. அது தனக்கு வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. கிட்டாதபோது, அது சிறப்பே அல்ல என்று நா சொல்கிறது. இகழ்ச்சி, ஏமாந்த ஆசையின் மாறுவேடம்!

நண்பரைச் சொல்வானேன்? நம்மைச் சொல்வோம். நம் தெருவில் இளைஞர் ஒருவர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். பட்டம் பெற்றவர் நாம். பள்ளியில் பாடம் சொல்பவர் நாம். ஆயினும் அந்த எண்ணம் தோன்றியது அவருக்கு. "விளக்கு ஒன்றுதான், அதுவும் மங்கல், பிள்ளைகளின் கண் என்னாவது? விளம்பரத்துக்கு ஒரு பள்ளியா?" என்று நால்வரிடம் சொன்னோம். சொன்னது உண்மை, விளக்கு மங்கல்தான். சொல் அவர் காதுக்கும் எட்டியது. மறுவாரம் இரண்டாவது விளக்கு எரிந்தது.

நாம் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை! ஏதோ பறிபோனதுபோல் இருந்தது. குறை நீங்கியதே நமக்குக் குறையாயிற்று. பிள்ளைகளின் கண்மேல் நாம் காட்டிய அக்கறை எத்தகையது என்பது அன்றிரவு விளங்கிற்று. அந்த விளக்கு மங்கலாகவே இருக்க வேண்டும் என்று நம் நெஞ்சின் ஒரு மூலை விரும்பியிருக்கிறது. பிள்ளைகளின் கண் கெட்டாலும் சரி, அவர் தோற்க வேண்டும் என்று! இதைவிட ஒரு மனம் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

இந்நோய் சீர்திருத்தம் பேசும் நம்மை எளிதில் பற்றும். மடமையைச் சாடும் வாளும் மாற்றானைச் சாய்க்கும் வாளும் நம் உறையில் ஒன்றாகவே கிடக்கின்றன; கைப்பிடியைத் தடவி எது எதுவென்று அறிய முடிவதில்லை. மேடையில் நின்று முழங்கும்போது அந்த வேறுபாடு இன்னும் மறைந்துபோகிறது. கைதட்டல் இரண்டுக்கும் ஒன்றே அல்லவா?

சில நாள் கழித்து அந்த இரவுப் பள்ளிக்குப் போனோம். "வாங்க அண்ணாச்சி, கணக்குக்குத்தான் ஆள் இல்லாம இருந்தது" என்று சுண்ணக்கட்டியை நம் கையில் தந்தார். நாம் பேசியது எதையும் கேட்டவராகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லித் தருகிறோம். அவரைப் பாராட்டி ஒரு சொல் சொல்ல வேண்டுமென ஒவ்வொரு முறையும் நினைத்துப் போகிறோம், இன்னும் சொல்லவில்லை.