கணக்கு எழுதுவது அவிசுவாசமா?



இந்த மாதம் ஒரு தப்பை அறிக்கையிட்டு எழுத ஆரம்பிக்கிறேன். தப்பு வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு ஆராதனையில் 2 சாமுவேல் 24-ம் அதிகாரத்திலிருந்து செய்தி கொடுத்தேன். தாவீது ராஜா ஜனங்களை எண்ணினான், தேசத்தில் கொள்ளைநோய் வந்தது. "எண்ணாதே, விசுவாசி! கணக்குப் பார்க்கிற வீட்டில் அற்புதம் நடக்காது!" என்று சத்தமிட்டேன். நீங்களும் அல்லேலூயா என்றீர்கள். அன்றைக்கே ஆராதனை ஸ்தலத்தின் கூரை வேலைக்காகப் பொருத்தனைச் சீட்டும் கொடுத்தோம்.

பின்வரிசையில் நம் சகோதரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். புருஷன் ஒப்பந்தத் தொழிலாளி. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிரந்தர வேலைக்காரர் வீட்டில் சம்பளத் தேதி உண்டு, போனஸ் உண்டு, கிராஜுவிட்டி உண்டு. ஒப்பந்த வேலைக்காரர் வீட்டில் இருப்பது அன்றன்றைக்கு வருகிற கூலிதான். அதனால் அந்தச் சகோதரி ஒரு பள்ளிக்கூட நோட்டில் பால், அரிசி, கேஸ், பிள்ளைகளின் வேன் வாடகை எல்லாவற்றையும் எழுதி வைத்துக் குடும்பம் நடத்தி வந்தார்கள். என் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அந்த நோட்டைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். பொருத்தனைச் சீட்டில் 10,000 ரூபாய் என்று எழுதினார்கள்.

கையில் பணம் இல்லை. பொருத்தனையை நிறைவேற்ற வேண்டுமே என்று பத்து வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் ஆயிரம், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். அசல் அப்படியே நிற்கும். 14 மாதத்தில் 14,000 ரூபாய் வட்டி கட்டியும் கடன் பத்தாயிரமாகவே இருந்தது. இப்படிப்பட்ட வட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீட்டுகிறவர்களுக்குச் சட்டம் ஞாபகம் வருவதில்லை. கடைசியில் மகளுடைய கம்மலும் அடகுக்குப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் என்னிடம் வந்தார்கள். "பாஸ்டர், நீங்க சொன்ன மாதிரி நான் எண்ணவே இல்ல. அப்புறமும் ஏன் இப்படி ஆச்சு? என் விசுவாசத்துல எங்க குறை?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்கள். ஜெபித்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி சொன்னாள்: "குறை அவங்க விசுவாசத்துல இல்லைங்க. உங்க பிரசங்கத்துல."

வேதம் என்ன போதிக்கிறது?

பைபிள் காலேஜில் படித்ததை மறுபடியும் திறந்து உட்கார்ந்தேன். தாவீது எண்ணியது போருக்குப் போகத்தக்க ஆண்களை. ஆனால் எண்ணாகமம் முதலாம் அதிகாரத்தில் இஸ்ரவேலரை எண்ணும்படி மோசேக்குச் சொன்னவர் கர்த்தரே அல்லவா? அப்படியானால் எண்ணுவது பாவமல்ல. கர்த்தரை விட்டுவிட்டுத் தொகையின்மேல் சாய்வதுதான் பாவம். நானோ பாதி வேதத்தைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளினேன்.

லூக்கா 14:28-ல் நம் ஆண்டவரே கேட்கிறார்: கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கப் பணம் காணுமா என்று செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா? அஸ்திபாரத்தோடு நின்றுபோனால் பார்க்கிறவர்கள் பரியாசம் பண்ணுவார்கள் என்கிறார். இது சீஷத்துவத்தைப் பற்றிய உவமைதான். ஆனாலும் கணக்குப் பார்க்கிறவனை அவர் அவிசுவாசி என்று சொல்லவில்லை, புத்தியுள்ளவனாகவே காட்டுகிறார்.

2 இராஜாக்கள் 4-ல் கடன்பட்ட விதவையைப் பாருங்கள். எலிசா அவளிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். எண்ணெய் பெருகினபின் சொன்ன ஒழுங்கு என்ன? எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்க வேண்டும், மீந்ததைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். அற்புதம் நடந்த வீட்டிலும் வரவு செலவு இருந்தது, பிரியமானவர்களே!

மீதியைச் சேர்க்கலாமா?

யோவான் 6:12-ல் ஐயாயிரம் பேர் திருப்தியாய்ச் சாப்பிட்டபின், ஒன்றும் வீணாகாதபடி மீதித் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் இயேசு. பன்னிரண்டு கூடை நிறைந்தது. ஐந்து அப்பத்தைப் பெருகப்பண்ணினவருக்கு மீதித் துண்டு எதற்கு? நாளைக்கும் அவரால் கொடுக்க முடியாதா? முடியும். அப்படியிருந்தும் சேர்க்கச் சொன்னார்.

ஆனால் யாத்திராகமம் 16-ல் மறுநாளுக்கென்று வைத்த மன்னா புழுத்து நாறிப்போயிற்று. அதே அதிகாரத்தில் ஓய்வுநாளுக்காக முந்தின நாள் வைத்தது கெடவில்லை. வைப்பது ஒன்றுதான். ஒன்று கெட்டது, ஒன்று நின்றது. ஏன்? நாளைக்கு தேவன் தருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் வைத்தது புழுத்தது. அவர் சொன்னபடி வைத்தது நின்றது. ஆகவே "வைக்கலாமா, கூடாதா" என்பதல்ல கேள்வி. "ஏன் வைக்கிறேன், யாருக்காக வைக்கிறேன்" என்பதே கேள்வி.

நம் தாய்மார் இதை வேத வியாக்கியானம் படிக்காமலே செய்தார்கள். ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. மிஞ்சின இட்லி உப்புமாவாகும். புளித்த மாவு ஊத்தப்பம், பணியாரம். பீர்க்கங்காய்த் தோல் துவையல். மீன்குழம்பை மறுநாள் சுண்டவைத்தால் ருசியே தனி. பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கினால் சுளை பிள்ளைகளுக்கு, கொட்டை சாம்பாருக்கு, தோல் மாட்டுக்கு. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரி எரிந்தபின் மீந்த சாம்பலில் செங்கல் செய்கிறோமே. சாம்பலுக்கும் ஒரு பிரயோஜனம் கண்டவர்கள், சோற்றை மட்டும் குப்பைத்தொட்டியில் கொட்டலாமா?

இங்கே ஒரு எச்சரிப்பும் உண்டு. நம் சபை விருந்து ஒன்றில் மிஞ்சின சாப்பாட்டைச் சாயங்காலம் நாலு மணிக்கு, வெளியே வேலை செய்கிற கூலிக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். என் மனைவி பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இதை நம்ம பிள்ளைக்குக் கொடுப்பீங்களா?" என்றாள். கொடுக்க மாட்டேன். நமக்கு ஆகாததை ஏழைக்குக் கொடுத்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பேர் வைக்கிறோம். அன்றிலிருந்து பந்தி ஆரம்பிக்கும்போதே அவர்களுக்குரிய பங்கைத் தனியாக எடுத்துவிடுகிறோம். சிக்கனம் என் தட்டில் தொடங்க வேண்டும், எளியவனுடைய தட்டில் அல்ல.

அப்படியே, எல்லாவற்றையும் சேர்த்துச் சேர்த்து ஒருவருக்கும் கொடாத சகோதரரும் உண்டு. லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் கணக்கில் தப்புப் பண்ணவில்லை. ஆனால் அவன் கணக்கில் அயலான் இல்லை, தேவனும் இல்லை.

ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் கணக்கு

தஞ்சாவூரில் 1892-ல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்து, 1929-ல் காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தவர். 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் உண்டானது. நிவாரணப் பணத்தின் கணக்கு குமரப்பாவின் பொறுப்பில் வந்தது. அங்கே சேவை செய்கிறவர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 அணா என்று வரையறுத்தார். அது ரூபாயில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காந்தியடிகள் தம் கூட்டத்தாரோடு அங்கே வந்தபோது, அவர்களுக்காகும் அதிகச் செலவை நிவாரணப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார்.

இது கஞ்சத்தனமா? இல்லை. அந்தப் பணம் வீடிழந்தவர்களுடையது. அவர் வெறும் உக்கிராணக்காரன். நம் சம்பளமும் அப்படித்தான். அதில் பிள்ளைகளின் பங்கு உண்டு, கடன் கொடுத்தவனின் பங்கு உண்டு, ஏழையின் பங்கு உண்டு, கர்த்தருடைய பங்கு உண்டு. கணக்கு எழுதாதவனுக்கு யாருடைய பங்கை எடுத்துச் செலவழிக்கிறோம் என்பதே தெரியாது.

தொடங்கினதை முடிப்பது

நான் மூப்பர்களைக் கூட்டி, சகோதரி கொடுத்த 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். ஒரு மூப்பர் எழுந்து, "கர்த்தருக்குக் கொடுத்தது கொடுத்ததுதானே பாஸ்டர், அதைத் திருப்பலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொருத்தனை விளையாட்டல்ல. ஆனால் மாற்கு 7-ல், தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தடுத்தவர்களை இயேசு கண்டித்தார். 2 கொரிந்தியர் 8:11, 12-ல் பவுல், தொடங்கின தர்மத்தைச் செய்து முடிக்கும்படி சொல்லுகிறார். உடனே, ஒருவனிடத்தில் இருப்பதற்குத் தக்கதாகவே அது அங்கீகரிக்கப்படும், இல்லாததற்குத் தக்கதாக அல்ல என்றும் சொல்லுகிறார். சகோதரியிடம் இல்லாத பணத்தை நாம் வாங்கினோம். மகளுடைய கம்மலை அடகில் வைத்துக் கர்த்தருக்குக் கூரை போட வேண்டாம். மூப்பர் கொஞ்சநேரம் அமைதியாயிருந்து, "சரி பாஸ்டர்" என்றார்.

பணத்தைக் கொடுத்தோம். அசல் அடைந்தது. அடுத்த ஞாயிறு நான் பிரசங்க பீடத்தில் நின்று என் பழைய செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கூரை வேலை பத்து மாதம் நின்றது. மழையில் தார்ப்பாய் கட்டி ஆராதித்தோம். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டின பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அஸ்திபாரம் போட்டு, 1880-ல் பிரதிஷ்டை பண்ணினார்கள். 33 வருஷம்! அதே ஊரில் அவருடைய மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பாதி பின்னின லேஸை யாரும் வாங்க மாட்டார்கள், முடித்தால்தான் கூலி. தாமதம் வெட்கமல்ல, விட்டுவிடுவதே வெட்கம்.

நம் சகோதரிகள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்கள். எல்லார் வீட்டுப் பரணிலும் பாதி பின்னின ஒயர் கூடை! கொண்டுவரச் சொல்லி எண்ணினோம். ஆம், எண்ணினோம்! 17 கூடைகள். புது ஒயர் வாங்காமல், ஒருவரிடம் மீந்த நிறத்தை மற்றவருக்குக் கொடுத்து முடித்தார்கள். நெல்லிக்காய் கூடைக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? அந்தச் சகோதரிதான். விற்ற பணம் கூரைக்கு ஆணிக்கும் போல்ட்டுக்கும் ஆயிற்று. கூரையும் முடிந்தது, ஸ்தோத்திரம்!

கம்மல் இன்னும் முழுதாய் மீளவில்லை. இன்னும் நாலு மாதத் தவணை இருக்கிறது. ஆனால் நோட்டு பரணிலிருந்து இறங்கிவிட்டது. போன மாதம் எனக்குக் காட்டினார்கள். முதல் வரியில் காணிக்கை 50 ரூபாய், இரண்டாவது அடகுத் தவணை, அதன்பின் அரிசி. எனக்கு அது ஒரு ஜெபம் போலவே இருந்தது.

பிரியமானவர்களே, இந்த மாதம் ஒரு நோட்டு வாங்குங்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கடனை மறைக்காதீர்கள், வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பாதியில் நிற்கிற ஒரு வேலையை எடுத்து முடியுங்கள். எழுதிய கணக்கின்மேல் கைவைத்துக் குடும்பமாய் ஜெபியுங்கள்.

நம் தலைமயிரையும் எண்ணிவைத்திருக்கிற தேவன், நாம் எண்ணுகிற சில்லறையை அற்பமாய் எண்ணமாட்டார். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்