பார்க்காத படத்துக்குச் சாட்சி சொல்லலாமா?

ஆம்பூரில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் நான்கைந்து இளைஞர்கள். ஷூ கம்பெனியில் வேலை முடித்து வந்தவர்கள் என்பது விரல்களில் ஒட்டியிருந்த பசைக் கறையிலேயே தெரிந்தது. அந்த வாரம் வெளியான ஒரு படத்தைப் பற்றித்தான் பேச்சு. அதில் நம் சமுதாயத்தை இழிவாகக் காட்டியிருக்கிறார்கள் என்றார் ஒருவர். அப்படி ஒன்றுமில்லை என்றார் மற்றவர். தோல் மண்டியில் ஆயுள் முழுவதும் உழைத்த ஒரு பெரியவர் எங்கள் எதிரில் இருந்தார். அவர் இடையில் புகுந்து, "அது சைத்தான் வேலை. எடுத்தவனும் ஒழுங்கில்லே, நடிச்சவளும் ஒழுங்கில்லே" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

ஓர் இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சாச்சா, நீங்க படம் பார்த்தீங்களா?"

"அஸ்தஃக்ஃபிருல்லாஹ்! நான் ஏம்ப்பா அதையெல்லாம் பார்க்கிறேன்?"

"அப்போ எப்படிச் சொல்றீங்க?"

பெரியவர் பதில் சொல்லாமல் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். இளைஞர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி அவரைவிட நம்மைத்தான் அதிகம் சுட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மஹல்லாவின் மீலாதுக் கூட்டத்தில் நாம் பேசினோம். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதில் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் ஒருவன் கொலை செய்வதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஆவேசப்பட்டோம். கூட்டம் தக்பீர் முழங்கியது. மேடையை விட்டு இறங்கியதும் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், அந்தக் காட்சி அந்தப் படத்திலேயே இல்லை. வேறொரு படத்தில் இருக்கிறது. அதிலும் பாங்கைக் கேட்டதும் கொலைகாரன் கத்தியைக் கீழே போட்டுவிடுகிறான்" என்றார். விசாரித்தோம். அவர் சொன்னதே சரி. அந்தக் கூட்டத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கெல்லாம் போய் நாம் சொன்னதைத் திரும்ப வாங்கி வர முடியுமா? நிய்யத் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது பொய்.

சினிமாப் பார்ப்பது கூடுமா, கூடாதா என்பது தனி மஸ்அலா. உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது. அதை இங்கே நாம் எடுக்கவில்லை. பார்க்கிறவருக்கும் நாவு உண்டு, பார்க்காதவருக்கும் நாவு உண்டு. இங்கே நாம் கேட்பது அந்த நாவின் கணக்கைத்தான். அல்ஹுஜுராத் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்ற கட்டளையும், புறம் பேசாதீர்கள் என்ற கட்டளையும் அடுத்தடுத்த சில வசனங்களுக்குள்ளேயே இருக்கின்றன. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மளிகைக் கடையின் விலைக்கு ஒரு நியாயம், சினிமாவுக்கு வேறொரு நியாயம் என்று இந்தக் கட்டளைகளில் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

இதன் விபரீதத்துக்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முஸ்தஃபா அக்காத், இஸ்லாம் தோன்றிய வரலாற்றை 1976ஆம் ஆண்டில் படமாக்கினார். அரபியில் 'அர்ரிஸாலா', ஆங்கிலத்தில் 'தி மெஸேஜ்'. நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் கிடையாது. ஆங்கிலப் படத்தில் ஆண்டனி குவின் ஏற்றது ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடம். ஆனால் அவர் நாயகமாகவே நடித்துவிட்டார் என்று ஒரு வதந்தி நாடு நாடாகப் பரவியது. 1977 மார்ச் 9ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு சிறு கூட்டத்தார் ஆயுதங்களோடு மூன்று கட்டடங்களுக்குள் நுழைந்து 149 பேரைப் பிணையாகப் பிடித்தார்கள். அவர்களின் தலைவருடைய குடும்பத்தார் முன்பு கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கொலைகாரர்களைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் கோரிக்கை. அதோடு இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. ஓர் இளம் வானொலிச் செய்தியாளர் சுடப்பட்டு இறந்தார். எகிப்து, ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் தூதர்கள் நேரில் சென்று திருமறையை முன்வைத்துப் பேசிய பிறகுதான், மூன்றாம் நாள் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். இஸ்லாத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது! அக்காத் பின்னாளில், 2005ஆம் ஆண்டில், அம்மான் நகர ஓட்டல் குண்டுவெடிப்பில் தம் மகளோடு உயிரிழந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அப்படியானால் குறை சொல்வதே கூடாதா? அப்படிச் சொன்னால் நம் முன்னோர்களையே நாம் குற்றவாளிகளாக்குவோம். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக எடுத்து, இவர் நம்பத்தக்கவர், இவர் ஞாபக மறதிக்காரர், இவர் பொய்யர் என்று எழுதி வைத்தார்கள். ஜர்ஹு, தஃதீல் என்று அதற்குத் தனிக் கலையே உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுவதாகாத ஆறு சந்தர்ப்பங்களைக் கூறுகிறார்கள். மக்களை ஒரு கேட்டிலிருந்து எச்சரிப்பது அவற்றில் ஒன்று. ஒரு படத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா, பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதா என்று கேட்பவருக்கு, பார்த்தவர் உள்ளதை உள்ளபடி சொல்வதும் இதில் அடங்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அந்த அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்காக ஊர் ஊராக அலைந்தார்கள். ஒரே ஹதீஸைப் பலரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த அலைச்சல்தான் அவர்களுடைய சொல்லுக்கு உரிமை கொடுத்தது.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்கப் பெரிய கிதாபு தேவையில்லை. பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவரைப் பாருங்கள். கட்டை அவிழ்க்காமல் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒவ்வொரு தோலையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மேல்புறத்தையும் சதைப்புறத்தையும் விரலால் தடவுவார். இது உண்ணிக் கடி, இது முள் கீறியது, இது உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு என்று பிரித்துச் சொல்வார். ஓர் ஓரத்தில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக முழுத் தோலையும் தூக்கி எறியமாட்டார். ஓட்டையை மறைக்கவும் மாட்டார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்து, வியாபாரியைக் கண்டித்த நாயகம் (ஸல்) அவர்களின் சம்பவம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர்கள் குவியலைத் தூர நின்று பழிக்கவில்லை. கையை உள்ளே விட்டார்கள்.

இனி அந்தப் பெரியவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். எடுத்தவன் ஒழுங்கில்லை, நடித்தவள் ஒழுங்கில்லை என்றாரே, அது படத்தைப் பற்றிய பேச்சே அல்ல. நடிகையின் விவாகம் எப்போது முறிந்தது, யார் யாரோடு போனார் என்பதெல்லாம் நம் வீட்டுத் தாழ்வாரங்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நேரத்திலும் பேசப்படுகின்றன. அவர்கள் நமக்கு உறவா, பக்கத்து வீடா? பேசுவது உண்மையானால் கீபத், பொய்யானால் புஹ்தான், அதாவது அவதூறு. இரண்டில் எதுவென்று பேசுகிறவருக்கே தெரியாது. படம் பார்ப்பதைப் பாவம் என்று ஒதுக்கி வைத்த வீட்டில் இந்தப் பேச்சு மட்டும் தங்குதடையின்றி நடப்பது நமக்குப் பெரிய வியப்பு.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு ஒரு காலத்தில் அச்சேறி விற்றது. லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்றும், பின்னர் 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கங்களை எழுதினார். ஏசிக்கொண்டே வாங்கிப் படித்தார்கள் மக்கள். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று அதைச் சொல்வார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் இழந்த புகழ் திரும்பவில்லை. எழுதியவர் உயிரை இழந்தார், எழுதப்பட்டவர்கள் வாழ்வை இழந்தார்கள். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு மட்டும் எந்த நஷ்டமும் இல்லை என்று எப்படிச் சொல்வது? மறுமையில் கணக்கு உண்டென்று நம்புகிற நாம் அப்படிச் சொல்லக்கூடாது.

'விஸ்வரூபம்' விவகாரத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. 2013 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகளின் தலைவர்கள் அப்படத்தை வெளியீட்டுக்கு முன்பே பார்த்துவிட்டுத்தான் ஆட்சேபித்தார்கள். இதை நாம் பாராட்டவே செய்கிறோம். அரசு தடை விதித்தது. நடிகர் கமல்ஹாசன் தம் சொத்தையே இதில் போட்டிருப்பதாகக் கூறினார். தனி நீதிபதி தடையை நிறுத்தினார், மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பின்பு பேச்சுவார்த்தையில் சில இடங்களில் ஒலியை நீக்க இசைந்து, பிப்ரவரி 7ஆம் தேதி தமிழ்நாட்டில் படம் வெளியாயிற்று. 1992இல் வந்த 'ரோஜா' முதற்கொண்டு, தாடியும் தொப்பியும் திரையில் தெரிந்தாலே துப்பாக்கியும் தெரியும் என்ற நிலை குறித்து நம் மக்களுக்கு உள்ள வேதனை நியாயமானதே. ஆனால் தெருவுக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் படத்தைப் பார்த்தவர்கள் அல்லர். பார்த்தவர்களின் சாட்சியத்தை நம்பி வந்தவர்கள். ஷரீஅத்தில் நேர்மையான சாட்சியை ஏற்பது முறைதான். ஆகவே பொறுப்பு முழுவதும் சாட்சிகளின் தலையில் ஏறுகிறது. எந்தக் காட்சி, அதில் யார் என்ன சொல்கிறார், முன்னும் பின்னும் என்ன என்று அவர்கள் மக்களுக்கு விரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவரையில் மஹல்லாக்களில் அது நடக்கவில்லை. "இழிவு செய்துவிட்டான்" என்ற ஒரு சொல் மட்டுமே வந்து சேர்ந்தது.

குறை கேட்கும் இடத்திலும் நாம் இருந்திருக்கிறோம். பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்துவிட்டன என்று வழக்கு வந்தபோது, தொழிலை ஒழிக்க நினைக்கிறார்கள் என்று நம்மவர்கள் பலர் கொதித்தார்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துவிட்டுச் சொன்னவர்களை எப்படிப் புறம் பேசினார்கள் என்பது? கசந்தது, ஆனால் சாட்சியம். வேலூர் மாவட்டத்து எல்லையையே மிதிக்காமல், தோல்காரன் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. இந்த இருவரையும் பிரித்தறிய நமக்குத் தெரியும். படம் எடுப்பவருக்கும் அது தெரியும் என்று ஏன் நினைக்க மறுக்கிறோம்?

இன்று ஒவ்வொரு கையிலும் தொலைபேசி. முதல் காட்சி முடியுமுன் விமர்சனம் வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான பின், தியேட்டர் வளாகத்தில் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று உயர்நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் உடனடித் தடை விதிக்கவில்லை. பார்த்தவன் வாயைக் கட்ட நினைப்பது நமக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு புகழ்வதும், பணம் கிடைக்காததால் இகழ்வதும் பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களை எண்ணிச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்லும்போது சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நம் பிள்ளைகளில் சிலர் இதை ஒரு பிழைப்பாகவே எடுத்திருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விலகி நிற்பவருக்கும் ஒரு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) திரைப்பாட்டு எழுத மறுத்தவர் என்று பேர் பெற்றவர். அவரை ஆசானாகக் கொண்ட கவிஞர்கள் சிலர் அதே துறையில் புகழ் பெற்றார்கள். மறுப்பதற்குத் தம் காரணத்தைச் சொன்னார், தம் கவிதையைப் பார்த்துக்கொண்டார்.

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அதே பெஞ்சில் அதே பெரியவரைக் கண்டோம். பக்கத்தில் அந்த இளைஞரை உட்கார வைத்திருந்தார்.

"அன்னிக்கிக் கேட்டியே, சரிதான். அந்தப் படத்துல என்னதான் காட்டியிருக்கான், சொல்லு."

இளைஞர் சொல்லத் தொடங்கினார். பெரியவர் பாதியில் கையை உயர்த்தி, "நீ முழுசாப் பார்த்தியா?" என்று கேட்டார். முதல் கால் மணி நேரம் தவறிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"அப்போ அதை விட்டுடு. பார்த்ததிலிருந்து சொல்லு" என்று கடைக்காரரிடம் இன்னும் இரண்டு தேநீருக்குச் சொன்னார் பெரியவர்.