யாரும் பார்க்காத எண்

நண்பர்களே, ஒரு கேள்வி. நீங்கள் எழுதும் ஓர் எண்ணை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. மாற்றினாலும் உடனே யாருக்கும் நஷ்டமில்லை. அப்படி இருக்கும்போது அதை உள்ளபடியே எழுத வேண்டுமா? "இதுல என்ன சந்தேகம், உண்மையத்தான் எழுதணும்"னு உடனே சொல்லிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை என்று வந்தபோதுதான் இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமில்லை என்று புரிந்தது.

பல்கலைக்கழகத்தின் தொழிற்பயிற்சிக்காக, செம்பனை எண்ணெயிலிருந்து ரசாயனப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். செம்பனைப் பழம் அடிபட்டாலோ, ஆலைக்குப் போகத் தாமதமானாலோ, எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். அமிலம் அதிகமான எண்ணெயில் பயோடீசல் செய்யப் போனால் சோப்புதான் வரும். அந்த அமிலத்தை ஒரு வினையூக்கி கொண்டு மெத்தனாலோடு சேர்த்துக் குறைக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, மூன்று முறை டைட்ரேஷன் செய்து, அமிலம் எத்தனை சதவீதம் என்று குறிப்பது என் வேலை. பினால்ப்தலீன் இளஞ்சிவப்பாகி முப்பது விநாடி நிற்க வேண்டும். பியூரெட்டைப் படி, எழுது, கழுவு, மறுபடி ஆரம்பி. வாரக்கணக்கில் இதே பாட்டுதான்.

ஒருநாள் 90-ஆவது நிமிடத்தில் மூன்று அளவுகள் வந்தன: 1.8, 1.9, 2.7. முதல் இரண்டும் வரைபடத்தில் அழகாகப் பொருந்துகின்றன. மூன்றாவது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டால் கோடு வழவழவென்று இறங்கும். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஓர் எண்ணைச் சும்மா விட்டுவிட்டால் போதும்.

ஆய்வுக்கூடத்து அக்காவிடம் கேட்டேன். "என்ன காரணம்னு தெரியுமா தம்பி?" என்றார். "தெரியலக்கா." "அப்ப தெரியலன்னு அதையும் எழுது." அவ்வளவுதான் பதில்.

எல்லா எண்ணையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடுவை உடைந்தது, கரைசல் சிந்தியது என்றால் அந்த அளவைத் தள்ளுவது நியாயம்தான். காரணம் கையில் இருப்பதால் தள்ளுவது வேறு, எண் பிடிக்கவில்லை என்பதால் தள்ளுவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் செய்பவனுக்கு மட்டுமே தெரியும்.

"முடிவு சரியா இருந்தா போதாதா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகள் மூலம் அளந்த மில்லிகனின் கதை இதற்குப் பொருந்தும். 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவுகளைத் தந்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல என்றார். அவருடைய குறிப்பேடுகளிலோ இன்னும் பல துளிகள் இருந்தன. சிலவற்றை விட்டதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவருடைய முடிவு கிட்டத்தட்ட சரிதான். 1923-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் காற்றின் பிசுப்புத்தன்மைக்கு அவர் எடுத்த மதிப்பு சரியில்லாததால், விடை கொஞ்சம் குறைவாக வந்திருந்தது. பின்னால் அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தார்கள். மில்லிகனின் எண்ணைவிட அதிகமாக வந்தால் 'எங்கோ தப்பு' என்று காரணம் தேடினார்கள், அருகில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் மாணவர்களிடம் பேசும்போது சொன்னார். பிடிக்காத எண்ணை மட்டும் குடைந்து கேள்வி கேட்பதும் பொய்க்குப் பக்கத்து வீடுதான்.

இன்னொரு பக்கம் ராலே பிரபு. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், ரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்ததைவிட சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. அரை சதவீதம்தானே! அவர் விடவில்லை. 1892-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதி, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார். பிறகு ராம்சேயும் அவரும் சேர்ந்து 1894-இல் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். இன்று பட்டறையில் வெல்டிங் செய்யும் அண்ணன்மார் பயன்படுத்தும் அதே வாயுதான்.

என்னுடைய 2.7 அப்படி ஒன்றும் ஆகவில்லை. திரும்பச் செய்தபோதும் அதே நேரத்தில் எண்கள் சிதறின. பயிற்சி முடியும்வரை காரணம் பிடிபடவில்லை. ஆகவே, உண்மையாக எழுதினால் கண்டுபிடிப்பு கிடைக்கும், பரிசு கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். பெரும்பாலும் கிடைப்பது அழகில்லாத ஒரு வரைபடமும் கூடுதல் வேலையும்தான்.

பிறகு ஏன் எழுத வேண்டும்? என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பால் நிறுக்கும்போது கிராணி புத்தகத்தில் எழுதும் எண்தான் அன்றைய கூலி. அந்த எண்ணைப் பாட்டியால் சரிபார்க்க முடியாது, நம்பத்தான் முடியும். ஆய்வுக்கூடத்து எண்ணும் அப்படித்தான். அதை நம்பி நாளை ஒருவர் கொதிகலனை வடிவமைப்பார், இன்னொருவர் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்வார். அவர்கள் யாரும் என் நோட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. சரிபார்க்க முடியாதவர்கள் நம்மை நம்பியிருக்கும் இடத்தில்தான் நேர்மைக்கு உண்மையான வேலை இருக்கிறது. யாராவது சரிபார்க்கும் இடத்தில் பயமே போதும்.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் எண்ணை விட வேண்டும் என்றால், விடும் காரணத்தை அதன் பக்கத்திலேயே பேனாவால் எழுத முடிகிறதா? முடிந்தால் விடலாம். எழுதக் கை கூசினால் எண் அங்கேயே இருக்கட்டும்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அடுத்த முறை நம் கிளை நிகழ்ச்சிக்கு 37 பேர் வந்து, அறிக்கையில் 'சுமார் 50' என்று எழுதப் பேனா எடுக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த 13 பேர் ஏன் வரவில்லை என்று நாம் கேட்காமல் போவதே அந்த ஐம்பதால்தான்.