‘போதும்’ என்னும் சொல்

காகிதத்தில் எழுதுவதை விட்டபோது, ஏதோ ஒரு மரத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணி நான் பெருமைப்பட்டதுண்டு. எழுதியவை, எடுத்த படங்கள் எல்லாம் இப்போது இணையத்தில் எங்கோ இருக்கின்றன. அந்த இடத்துக்கு ‘மேகம்’ என்று பெயர். மேகத்துக்குப் பாரம் ஏது என்று இருந்துவிட்டேன்.

அந்த மேகம் தரையில்தான் இருக்கிறது. இரவு பகலாகக் கணினிகள் ஓடும் பெருங்கூடங்களாக இருக்கிறது. அயர்லாந்தில் அத்தகைய கூடங்கள் மிகுதி. 2015-இல் அந்நாட்டில் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் நூற்றுக்கு 5 பங்கை அவை உண்டன; 2023-இல் 21 பங்கு. அதே ஆண்டில் நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து செலவழித்தது 18 பங்குதான்!

இத்தனைக்கும் இன்றைய கணினி முன்னதைவிடச் சிக்கனமானது. பின் ஏன் இந்தப் பசி? 1865-லேயே ஜெவான்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியை முன்வைத்து இதற்கு விடை கூறினார். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக, நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடிற்று. மலிவாகக் கிடைப்பதை மனிதன் மேலும் மேலும் எரிக்கிறான்.

சிக்கனமான எந்திரத்தைப் பொறியாளர் செய்து தந்துவிடுவார். ‘போதும்’ என்ற மனத்தை யார் செய்து தருவது?

நேற்றிரவு என் மகளின் பிறந்தநாள் படங்களைப் பார்த்தேன். ஒரே சிரிப்பு, பதினேழு படங்கள். பதினாறை அழித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். மூன்றுக்கு மேல் கை போகவில்லை.

அயர்லாந்தின் கூடங்களைக் குறைகூற எனக்கென்ன உரிமை?