பெரிய வீட்டின் பின்கட்டு

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். அதன் பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டின் அரங்கில் 1,02,780 பேர். வித்தியாசம் 4,821 இருக்கைகள். 1897 முதல் மோதிக்கொண்டிருக்கும் இந்த இரண்டு அணிகளின் ரசிகர்களும் இப்படிப்பட்ட கணக்குகளை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். "எங்களுடையதுதான் பெரியது" என்பார் ஒருவர். "எங்களுடையது உங்களுடையதைவிட ஐந்து வருடம் மூத்தது" என்பார் மற்றவர். ஒஹாயோவின் அரங்கம் 1922இல் திறக்கப்பட்டது, மிச்சிகனுடையது 1927இல். இருவர் சொல்வதும் உண்மைதான்.

மிச்சிகன் அரங்கத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பெரிய வீடு'. இந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நம் ஊர்ப் பெரிய வீடுகளை நமக்குத் தெரியும். தூணும் திண்ணையுமாக முன்கட்டு. கரிபடிந்த சுவரும் ஈரத் தரையுமாகப் பின்கட்டு. ஊர் புகழ்ந்ததெல்லாம் முன்கட்டை. பெண்கள் வாழ்ந்தது பின்கட்டில். அப்படியானால் இந்தப் பெரிய வீட்டின் பின்கட்டு எங்கே இருக்கிறது?

ரசிகர்கள் இருக்கைகளை மட்டும் ஒப்பிடுவதில்லை. கூரை போட்ட பயிற்சி மைதானம், எடைப் பயிற்சிக் கூடம், உடை மாற்றும் அறை எல்லாமே போட்டிக்கு வரும். கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் தன் கால்பந்து அணிக்காகத் திறந்த வளாகத்துக்கு 5.5 கோடி டாலர் செலவானது. உள்ளே சறுக்குமரம் உண்டு, பந்துருட்டும் தடம் உண்டு, குட்டி கோல்ஃப் உண்டு. ரசிகர் அந்தச் சறுக்குமரத்தில் ஒருநாளும் சறுக்கப் போவதில்லை. ஆனாலும் "எங்களுடையது" என்கிறார்.

இந்தப் பெருமையை ஏளனம் செய்ய நான் வரவில்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தன்னுடையதாக நேசிப்பது மனிதர்களின் நல்ல குணங்களில் ஒன்று. படித்த இடம், அப்பாவோடு போய் உட்கார்ந்த படிக்கட்டு, தோற்ற நாளில் சேர்ந்து அழுத கூட்டம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. என் கேள்வி வேறு. "எங்கள்" என்று சொல்லும்போது யார் யார் அந்தச் சொல்லுக்குள் வருகிறார்கள்?

இரண்டு பேர் சண்டை போடும்போது எதில் வேறுபடுகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கிறோம். எதில் ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பார்க்கத் தவறுகிறோம். யாருடைய அரங்கம் பெரியது என்று மோதுகிறவர்கள், ஆண்களின் கால்பந்து அரங்கமே ஒரு கல்லூரியின் அளவுகோல் என்பதில் முழுமையாக ஒத்துப்போகிறார்கள். பேசித் தீர்மானித்த ஒப்பந்தம் அல்ல அது. அதனால்தான் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் அரங்கம் சாட்சி. அங்கே பயிற்சியாளராக இருந்த ஹேடன் ஃப்ரை, எதிரணியின் உடைமாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். மனோதத்துவம் படித்தவர். அந்த நிறம் ஆளை அமைதிப்படுத்தும் என்றார். அது சிறுமிகளின் அறைக்குரிய நிறம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மிச்சிகனின் பயிற்சியாளர் தன் வீரர்கள் கண்ணில் படாதபடி அந்தச் சுவர்களைக் காகிதம் ஒட்டி மறைக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. பூசியவருக்கும் மறைத்தவருக்கும் இடையே ஒரு விஷயத்தில் மட்டும் பகையே இல்லை. பெண்ணைப் போல ஆவது இழிவு என்பதுதான் அது. 2005இல் அரங்கைப் புதுப்பித்தபோது அலமாரிகள் முதல் கழிப்பறைப் பீங்கான் வரை இளஞ்சிவப்பாக்கினார்கள். எதிர்த்துப் பேசிய ஒரு பெண் சட்டப் பேராசிரியருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

வேறொரு ஒப்பீடும் உண்டு. 1972 ஜூனில் அமெரிக்காவில் நிறைவேறிய 'டைட்டில் நைன்' என்னும் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது. விளையாட்டில் இதை எப்படிப் பார்ப்பது என்று 1979இல் வந்த அரசு விளக்கம் உடைமாற்றும் அறைகளையும் பயிற்சி இடங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இந்தச் சட்டம் மிச்சிகனை ஒஹாயோவோடு ஒப்பிடச் சொல்லவில்லை. மிச்சிகனின் ஆண்களுக்குக் கிடைப்பதை மிச்சிகனின் பெண்களுக்குக் கிடைப்பதோடு ஒப்பிடச் சொன்னது. பக்கத்து வீட்டுத் திண்ணையை விட்டுவிட்டு உன் வீட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பார் என்றது.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும்? அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரிப் பகை ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடக்கும் படகுப் போட்டி. 1852இல் தொடங்கியது. 1976இல் யேல் பெண்கள் படகு அணிக்குப் படகு நிலையத்தில் குளிக்க வசதி இல்லை. குளிர்காலத்தில் துடுப்புப் போட்டு நனைந்து, வியர்வையும் ஆற்று நீருமாக, ஆண்கள் வெந்நீரில் குளித்து முடிக்கும்வரை பேருந்துக்குள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதி 19 பெண்கள் ஓர் அதிகாரியின் அறைக்குள் போய் மேலாடையைக் களைந்து நின்றார்கள். மார்பிலும் முதுகிலும் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தது. அணித்தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் அறிக்கையை வாசித்தார். செய்தி நாளேட்டில் வந்தது. அடுத்த ஆண்டுக்குள் பெண்களுக்கான அறை கட்டப்பட்டுவிட்டது. அவ்வளவு காலமும் முடியாமலிருந்தது திடீரென்று முடிந்தது.

அந்தப் பேருந்தைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கல்லூரியில் கோ-கோ ஆடியவள். எங்கள் மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பயிற்சி நாட்களில் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். அதே வருடம் எங்கள் கல்லூரியின் புதிய பார்வையாளர் மாடம் பக்கத்து ஊர்க் கல்லூரியினுடையதைவிடப் பெரியது என்று நானும்தான் வாய் வலிக்கப் பேசினேன். உலர்ந்த நாக்கோடு எதற்காகப் பெருமைப்பட்டேன் என்று இன்று யோசிக்கிறேன். வெளியே ஓர் எதிரி இருக்கும்வரை உள்ளே கேள்வி எழுவதில்லை. "நம்மை அவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்காதே" என்ற வாக்கியம் குடும்பத்தில் எங்களை வாயடைத்தது போலவே மைதானத்திலும் வாயடைத்தது.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். பணம் ஈட்டுவது ஆண்களின் ஆட்டம், அதனால் வசதியும் அவர்களுக்கே என்பது. 1974இலேயே வருவாய் தரும் ஆட்டங்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்ட திருத்தம் ஒன்று வந்து, தோற்றுப்போனது. ஆனால் வாதம் சாகவில்லை. 2021இல் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின்போது ஆண்களுக்கு ஒரு பெரிய கூடம் நிறைய எடைப் பயிற்சிக் கருவிகள், பெண்களுக்கு ஒரே ஒரு சிறிய எடைத் தாங்கி. இடம் போதவில்லை என்றார்கள். ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் கைபேசியைச் சுழற்றிக் காலியாகக் கிடந்த பெரும் பரப்பைக் காட்டினார். உலகம் பார்த்தது. அதன்பின் நடந்த விசாரணை, பெண்கள் கூடைப்பந்தின் ஒளிபரப்பு உரிமை மட்டுமே 2025 முதல் ஆண்டுக்கு 8.1 கோடி டாலரிலிருந்து 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று மதிப்பிட்டது. அதுவரை அதை வேறு பல போட்டிகளோடு மொத்தமாகக் கட்டிச் சொற்ப விலைக்கு விற்றிருந்தார்கள். சமைக்க அரிசி தராமல் சோறு எங்கே என்று கேட்ட கதைதான்.

எனக்கு உள்ள சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்களோடு ஒப்பிட்டுக் கேட்பது சரியான கேள்வியா? ஒப்பிடுவது மட்டுமே நீதி என்றால், யேல் நிர்வாகம் ஆண்களின் குளியலறையையும் இடித்துச் சமத்துவம் கண்டிருக்கலாம். இன்னொரு பக்கம், கிளெம்சன் ஆண்களுக்குச் சறுக்குமரம் இருப்பதால் பெண்களுக்கும் ஒரு சறுக்குமரம் என்று கேட்டால், அதே அளவுகோலை நாமும் கையில் எடுத்தவர்கள் ஆகிறோம். வெந்நீரும் சறுக்குமரமும் ஒன்றல்ல. உடல் குளிர்கிறது, அதனால் வெந்நீர் வேண்டும். இதற்கு யாருடனும் ஒப்பிடத் தேவையில்லை.

ஆனால் தேவையை மட்டும் சொன்னால் காது கொடுப்பவர் இல்லை என்பதும் அனுபவம். "குளிர்கிறது" என்றால் பொறுத்துக்கொள் என்பார்கள். "அவர்களுக்கு இருக்கிறதே" என்றால்தான் பதில் சொல்லியாக வேண்டும். எனவே ஒப்பீட்டை நான் கைவிடச் சொல்லமாட்டேன். அது கதவைத் திறக்கும் சாவி. திறந்தபின் வீட்டுக்குள் என்ன வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் ஒரு பெண்கள் கைப்பந்து ஆட்டத்துக்கு 92,003 பேர் கால்பந்து அரங்கை நிறைத்தார்கள். அக்டோபரில் அதே கின்னிக் அரங்கில் அயோவாவின் பெண்கள் கூடைப்பந்து அணி ஆட 55,646 பேர் வந்தார்கள். 'பெண்' என்பதை எதிரிக்கான வசவாகச் சுவரில் பூசிய கட்டடம் அன்று பெண்களைப் பார்க்க எழுந்து நின்றது. படித்தபோது கண் கலங்கியது, மறுக்கமாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தபோது, நானும் இருக்கைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணட்டும், தவறில்லை. ஆனால் இனி யாராவது என்னிடம் தங்கள் கல்லூரி அரங்கத்தின் பெருமையைச் சொன்னால், முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பதாக இருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் உங்கள் பெண்கள் எங்கே குளிக்கிறார்கள்?