மூழ்கியும் மீளும் நெல்

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, வெள்ளம் அதை என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர் நீரில் நிற்பது வேறு, பயிர் முழுவதும் நீருக்குள் மறைவது வேறு. தலை மூழ்கிய பயிருக்குக் காற்றும் வெளிச்சமும் குறைந்துவிடும். மேலே எட்டிவிடும் வேகத்தில் அது தண்டையும் இலையையும் நீட்டுகிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால், வடிந்த பிறகு வயலில் அழுகிய தாள்தான் மிஞ்சும். ஒடிசாவிலும் வங்கதேசத்திலும் பள்ளமான நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்கள் இதை ஆண்டாண்டாய்ப் பார்த்தவை.

இதற்கு மாற்றும் ஒடிசாவிலேயே இருந்தது. அங்குள்ள உழவர்கள் காத்துவந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ, இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். ஆனால் மகசூல் குறைவு. நல்ல மகசூல் தரும் ரகங்களோடு அதை ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் கூடவே வந்தன. தாங்கும் குணம் பயிரின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாதவரை இதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

அந்த மூலையைத் தேடியவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் மேக்கிலும் கெனோங் சூவும், அது ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதை 1996-இல் காட்டினார்கள். குரோமோசோமின் அந்தப் பகுதியிலிருந்து ஒற்றை மரபணுவை அடையாளம் காண மேலும் பத்தாண்டுகள் ஆயின. அதே டேவிஸ் வளாகத்தின் பமீலா ரொனால்டு, ரிவர்சைடு வளாகத்தின் ஜூலியா பெய்லி-செரெஸ் ஆகியோரும் சேர்ந்த குழு 2006-இல் சப்1ஏ என்னும் மரபணுவை அறிவித்தது. இந்தப் பத்தாண்டுகள்தான் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகின்றன. வாங்குவோர் யாரும் வரிசையில் நிற்காத கேள்விக்கு இத்தனை காலம் கொடுக்கப் பல்கலைக்கழகத்தால் முடிகிறது.

சப்1ஏ செய்வது என்ன? மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு தேங்குகிறது. வளர்ச்சியைத் தூண்டுவது அதுதான். இந்த மரபணு அந்தத் தூண்டுதலைத் தடுக்கிறது. பயிர் மூச்சடக்கிக் காத்திருப்பவரைப் போல அசையாமல் நின்று, மாவுச்சத்தைச் சேமித்துக்கொள்கிறது. தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் இடங்களில் நிலைமை தலைகீழ்: அங்கே நீண்டு வளர்ந்து தலையை நீருக்கு மேலே வைக்கும் ஆழ்நீர் நெல்தான் பிழைக்கும். அதற்கான மரபணுக்களை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தினர் 2009-இல் கண்டபோது, அவையும் சப்1ஏவின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

வெள்ளம் தாங்கும் குணத்தின் இடம் தெரிந்த பிறகு வேலை எளிதானது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உழவர்கள் விரும்பும் சுவர்ணா ரகத்தோடு குரோமோசோமின் அந்த ஒரு பகுதியை மட்டும் கலப்பு முறையில் சேர்த்தார்கள். சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. நம் காவிரி டெல்டாவின் சம்பாப் பருவத்துக்கும் சிஆர் 1009 சப்1 என்ற ரகம் வந்தது.

அடுத்து வந்தவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள். ஒடிசாவில் குலுக்கல் முறையில் உழவர்களைத் தேர்ந்து சுவர்ணா-சப்1 விதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளம் அதிகம் தேங்கும் பள்ள நிலங்கள் பெரும்பாலும் பட்டியலின உழவர்களின் கையில் இருப்பதால், பலனில் பெரும்பங்கு அவர்களுக்குச் சேரும் என்று 2013-இல் எழுதினார்கள். 2016-இல் இன்னொன்றும் தெரிந்தது: பயிர் போய்விடும் என்ற அச்சம் தணிந்தவர்கள் கூடுதலாக உரமிட்டார்கள், தயங்காமல் கடன் எடுத்தார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் கூடியது. மேட்டு நிலம் கிடைக்காதவர்களுக்கு இவ்வளவு நேராகப் போய்ச் சேர்ந்த அறிவியலை நான் அதிகம் கண்டதில்லை.

சப்1ஏவுக்கும் எல்லை உண்டு. விதைத்த உடனே வயல் மூழ்கினால் அது உதவாது. அந்தப் பருவத்தைத் தாங்கவைக்கும் மரபணு ஒன்றை, மியான்மரின் நாட்டு நெல்லிலிருந்து 2015-இல் கண்டிருக்கிறார்கள். நேரடி விதைப்பு செய்யும் காவிரிப் படுகை உழவர்களுக்கு அடுத்துத் தேவைப்படுவது அதுதான்.