சின்னத்திரையில் ஒளி நாடுதல் தவறாகுமா?

உழைத்துக் களைத்தவன் இளைப்பாற விரும்புவது இயற்கை. ஆனால், அவன் எதனைக் கண்டு இளைப்பாறுகிறான் என்பது அறத்தோடு தொடர்புடைய வினா. ஒரு காலத்தில் மலேசியத் தமிழனுக்கு அந்த இளைப்பாறலைத் தோட்டத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், கோயில் திருவிழாவும் வழங்கின. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியபின், அப்பணி சிறிது சிறிதாக வீட்டுக் கூடத்துப் பெட்டியைச் சேர்ந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியபின், தமிழகத் தொடர்கள் இங்குள்ள இல்லங்களுக்குள் நுழையும் வழி மேலும் அகன்றது.

செலாயாங்கை எடுத்துக்கொள்ளலாம். ஊர் உறங்கும் வேளையிலே அங்குள்ள மொத்தச் சந்தை விழித்திருக்கும். காய்கறி மூட்டைகள் விடியும்வரை தோள் மாறும். அருகிலுள்ள மருத்துவமனையில் தாதியர் இரவெல்லாம் நோயாளரைக் காப்பர். பிறர் பசியையும் பிணியையும் சுமந்து வீடு திரும்பும் இத்தகையோர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் அங்கே காண்பது என்ன? பாலில் நஞ்சு கலக்கும் கை, சொத்துக்காக உடன்பிறந்தவனை வீழ்த்தத் துணியும் நெஞ்சு, முடிவே இல்லாத அழுகை. அவர்கள் அதனை விலக்கிவிட்டு, மனத்துக்கு இதமான காட்சியைத் தேடுவது உண்மைக்கு அஞ்சி ஓடும் கோழைமையா, உள்ளத்தைக் காத்துக்கொள்ளும் அறிவுடைமையா?

"வாழ்க்கை துன்பம் நிறைந்தது. அதனை மறைத்து இனிப்பை மட்டும் ஊட்டுவது கலையாகாது" என்று வாதிடுவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மையில்லாமற் போகவில்லை. கணவனை இழந்த பெண்ணின் சினம் ஒரு மாநகரையே எரித்த கதையைக் காப்பியமாகப் போற்றிய இனம் தமிழினம். சிலப்பதிகாரத்தின் இருளை நீக்கிவிட்டால் அதன் பெருமையும் நீங்கிவிடும். ஆயினும், அதே கதையின் தொடர்ச்சியாக அமைந்த மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி போக்குவதைப் பாடுகிறது. எரிந்த நகரின் கதையும், பசித்தோர்க்குச் சோறிட்ட கதையும் இரட்டைக் காப்பியங்களாகக் கைகோத்து நிற்கின்றன. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியமும் நகையில் தொடங்கி உவகையில் முடிக்கிறது; அழுகையும் அச்சமும் இடையில் வருகின்றன. துன்பமே ஆழமுடையது, இன்பம் மேலோட்டமானது என்னும் எண்ணம் தமிழ் மரபின் எண்ணமன்று.

அப்படியானால் குறை இருளில் இல்லை. இருளைக் கையாளும் முறையிலேயே உள்ளது. சிலம்பின் துயரம் ஒரு நீதியை நோக்கி நடக்கிறது. அங்கு அடைந்ததும் நின்றுவிடுகிறது. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கோ நிற்பதற்கு உரிமையில்லை. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடர் 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. கதை அத்தனை காலம் நீள வேண்டுமாயின் பகை தீரக் கூடாது; தீர்ந்தால் மற்றொரு பகை பிறக்க வேண்டும். அங்கே துன்பம் வாழ்வின் உண்மையைக் காட்ட வருவதைவிட, மறுநாளும் மக்களை அமர்த்திவைக்கவே மிகுதியும் வருகிறது. அதனை வெறுப்பவர் உண்மையை வெறுப்பவராகார்.

இத்தகைய காட்சிகள் பார்ப்பவர் மனத்தில் படியாமல் போவதுமில்லை. வன்முறை மலிந்த தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்போர், உலகம் உள்ளதைவிடக் கொடியது என்று நம்பத் தலைப்படுகின்றனர் என ஜார்ஜ் கெர்ப்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எடுத்துரைத்தார். அவருடைய முடிவை மறுத்தோரும் உண்டு. எனினும், இரவுதோறும் உறவினரின் சூழ்ச்சியையே கண்டவர் காலையில் அண்டை வீட்டாரின் நகைமுகத்தை ஐயத்தோடு நோக்கினால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

2020ஆம் ஆண்டு இதனைச் சிந்திக்க வைத்தது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சூழ்ந்த குடியிருப்புகள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. அச்சம் வாயில்வரை வந்திருந்த அந்த ஆண்டின் இறுதியில், விஜய் தொலைக்காட்சியின் 'குக்கு வித் கோமாளி' இரண்டாம் பருவம் தொடங்கியது. சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கத் தெரியாத கோமாளி ஒருவர் இணைந்து அடுப்பின்முன் திண்டாடுவதே அதன் பொருள். சூழ்ச்சியில்லை, நஞ்சில்லை. ஆனால், அங்கும் ஓர் அறம் நிகழ்ந்தது. கவர்ச்சி வேடங்களால் மட்டுமே நெடுங்காலம் அறியப்பட்டிருந்த நடிகை ஷகீலா, அந்நிகழ்ச்சியில் இளையோரால் 'அம்மா' என்று அழைக்கப்பட்டார். ஒருவரைப் பற்றி ஊர் கொண்டிருந்த பார்வை, அறிவுரை ஏதுமின்றிச் சிரிப்பினூடே மாறத் தொடங்கியது.

அறிவுரையாலேயே இது நிகழ்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. 1984இல் இந்தியத் தூர்தர்சன் 'ஹம் லோக்' தொடரை ஒளிபரப்பியபோது, நடிகர் அசோக் குமார் பகுதியின் முடிவில் தோன்றி நீதியுரைத்தார். பெண்ணுரிமையை வற்புறுத்த எழுந்த அத்தொடரில், அடங்கி ஒடுங்கிய தாயையே முன்மாதிரியாகக் கொண்ட பார்வையாளரும் இருந்தனர் என்று ஆய்வாளர் பின்னர் கண்டனர். நன்மை உரையால் பதிவதைவிடக் காட்சியால் பதிவதே மிகுதி. பிறரின் நற்செயலைக் காணும்போது உள்ளம் உயர்ந்து, தானும் நல்லது செய்ய விழையும் உணர்ச்சியை, ஜானதன் ஹைட் என்னும் உளவியலறிஞர் 2000ஆம் ஆண்டில் தனியே பெயரிட்டு ஆராய்ந்தார்.

இருந்தும், இன்பக் காட்சி யாவும் நற்காட்சி என்று கொள்வதற்கில்லை. பிறர் உருவத்தையும் நிறத்தையும் எள்ளிப் பிறக்கும் நகைப்பு, சூழ்ச்சித் தொடரினும் தாழ்ந்தது. வறியவரே இல்லாத மாளிகை வாழ்வை மட்டும் காட்டும் களிப்பு, பக்கத்துத் தெருவின் பசியை மறக்கச் செய்யும். அவ்வாறு மறக்கச் செய்யும் இனிமை மயக்க மருந்தேயாகும்.

எனவே, இருளா ஒளியா என்னும் வினாவைவிட, பெட்டியை அணைத்தபின் நிகழ்வது என்ன என்னும் வினாவே முதன்மையானது. கண்டவர் மனிதரிடமிருந்து விலகுகிறாரா, மனிதரிடம் மீள்கிறாரா? அழவைத்த கதை அண்டை வீட்டாரின் துயரைக் கேட்கத் தூண்டினால் அது நன்று. சிரிக்கவைத்த காட்சி, சோர்ந்திருந்த தாதியை மறுநாள் நோயாளியிடம் கனிவோடு பேசச் செய்தால் அதுவும் நன்று. மூட்டை சுமந்த தோளுக்கு ஓய்வு வேண்டுவதுபோல், துயரம் சுமந்த நெஞ்சுக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு நாளைய அன்புக்கு வலிமை தருமாயின், அதனை நாடுவோரைக் கோழையென்று பழித்தல் தகாது.